முதலில் அறை, அப்புறம் மைக்!

திருவண்ணாமலையில் வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்ய ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பவா செல்லதுரை கதை சொல்வதைக் கேட்டிருக்கிறீர்களா? பின்னணி இசை கிடையாது, ஜோடனை கிடையாது. ஒரு மனிதர், ஒரு மைக், எதிரே உட்கார்ந்து கேட்கும் கூட்டம். அவ்வளவுதான். திருவண்ணாமலைக்காரரான அவருடைய கதைகளை யூடியூபில் எங்கெங்கோ இருக்கும் தமிழர்கள் இரவு விளக்கை அணைத்துவிட்டுக் கேட்கிறார்கள். கேட்பவருக்கு அந்தக் குரலைத் தவிர பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை. குரல் தெளிவாக இல்லாவிட்டால் கதையும் இல்லை.

இந்த ஊரே குரல்களால் ஆனது. சம்பந்தரும் அப்பரும் பதிகம் பாடிய தலம். மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய தலம். அருணகிரிநாதரின் ஊர். ரமணாசிரமத்தில் பாராயணம் இன்றும் தொடர்கிறது. இளையராஜா ரமணர் மீது 'ரமண மாலை' பாடினார். மாவட்டத்தின் இன்னொரு கோடியில், செய்யாறு பக்கம், புரிசையில் தெருக்கூத்து தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. இவற்றுக்கு நடுவே வளரும் ஒரு பிள்ளைக்கு, கையில் ஒரு லேப்டாப்பும் கொஞ்சம் சேமிப்பும் இருந்தால், நாமும் எதையாவது பதிவு செய்ய வேண்டும் என்று தோன்றத்தான் செய்யும். தோன்றிய அன்றைக்கே ஆன்லைனில் மைக் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். பணம் வீணாவது அங்கேதான்.

1989இல் கோடம்பாக்கத்தில், தன் வீட்டோடு சேர்த்து ஒரு ஒலிப்பதிவுக் கூடம் கட்டினார் ஏ.ஆர்.ரஹ்மான். 'பஞ்சதன் ரெக்கார்ட் இன்' என்று பெயர். அப்போது அவர் விளம்பரங்களுக்கு இசையமைத்துக்கொண்டிருந்த 22 வயது இளைஞர். கூடத்தைக் கட்டி முடித்தபோது உள்ளே இருந்தவை ஓர் ஏசி, ஒரு ஷெல்ஃப், தரையில் ஒரு கார்ப்பெட். கருவி வாங்கக் கையில் காசு இல்லை. தாயார் நகையை அடகு வைத்துக் கொடுத்த பிறகுதான் முதல் ரெக்கார்டர் வந்தது என்று ரஹ்மானே பிற்பாடு சொல்லியிருக்கிறார். 1992இல் 'ரோஜா' பாடல்கள் அந்தக் கூடத்திலிருந்துதான் வந்தன.

தமிழகத்தின் மிகப் புகழ்பெற்ற வீட்டு ஸ்டூடியோவின் கதை இது. அதில் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது அந்த வரிசையைத்தான். முதலில் அறை, தரைக்கு விரிப்பு. கருவி கடைசியில். இன்றைக்கு நாம் செய்வது தலைகீழ். முப்பதாயிரம் ரூபாய் மைக்கை வாங்கி, டைல்ஸ் பளபளக்கும் ஹாலின் நடுவே வைத்துப் பாடுகிறோம். கேட்டால் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. உடனே மைக்கைக் குறை சொல்லி அடுத்த மைக் தேடுகிறோம்.

பத்துக்குப் பத்து அறை

நம் வீடுகளில் மேலே காங்கிரீட், நான்கு பக்கமும் சிமென்ட் பூச்சு, கீழே டைல்ஸ். எல்லாமே ஒலியைத் திருப்பி அடிப்பவை. பதிவுக்கு எந்த அறை என்று முடிவு செய்யும் முன், ஒவ்வொரு அறையின் நடுவிலும் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டிப் பாருங்கள். சத்தம் 'டப்' என்று அங்கேயே அடங்கினால் நல்லது. தட்டிய பிறகும் 'ர்ர்ர்' என்று ஒரு வால் நீண்டால், எந்த மைக் வைத்தாலும் அந்த வால் பதிவில் சேரும். மைக் உயர்ந்ததாக இருந்தால் வாலும் இன்னும் துல்லியமாகச் சேரும்.

இன்னொரு சிக்கல் அளவில் இருக்கிறது. ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. பத்தடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே 56 ஹெர்ட்ஸ் அருகிலும், அதன் இரட்டிப்பான 112 ஹெர்ட்ஸ் அருகிலும் ஒலி தேங்கி நிற்கும். அந்த 112 ஆண் குரலின் அடிப்பகுதி இருக்கும் இடம். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி என்றால் மூன்று திசையிலும் அதே ஸ்வரத்தில் தேங்கும். பாடுபவர் ஒரு ஸ்வரத்துக்கு இறங்கும்போது மட்டும் குரல் திடீரென்று பெருத்துக் கேட்பது இதனால்தான். எனவே பத்துக்குப் பத்து அறையும் பத்துக்குப் பதின்மூன்று அறையும் இருந்தால், இரண்டாவதை எடுத்துக்கொள்ளுங்கள். காசு செலவில்லாமல் கிடைக்கும் முதல் முன்னேற்றம் இது.

சுவரில் முட்டை அட்டை ஒட்டும் பழக்கத்தை விட்டுவிடலாம். அது வெளிச்சத்தத்தையும் நிறுத்தாது, உள்ளே இருக்கும் அடிநாதத்தையும் உறிஞ்சாது. ஆன்லைனில் விற்கும் ஒரு அங்குல ஸ்பாஞ்சு ஓடுகளும் ஏறக்குறைய அப்படித்தான். மேல்ஸ்தாயி எதிரொலியை மட்டும் அவை குறைக்கும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை மூன்றரை மீட்டர் நீளம். ஒரு அங்குல ஸ்பாஞ்சு அதை என்ன செய்துவிட முடியும்? நம் மாவட்டத்து வந்தவாசிப் பாய் உட்கார அருமையானது, ஆனால் சுவரில் மாட்டினால் பெரிதாகப் பலன் இராது. கனம் வேண்டும்.

கனமானவை நம் வீட்டிலேயே இருக்கின்றன. இலவம்பஞ்சு மெத்தை, ரஜாய், மடித்துப் போட்ட ஜமுக்காளம், புடவைகள் நிறைந்த பீரோ. பீரோவின் கதவைத் திறந்து வைத்தாலே அறையின் குணம் மாறும். இன்னும் கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால், தெரிந்த ஆசாரியிடம் சொல்லி நான்கடிக்கு இரண்டடி மரச்சட்டம் நான்கு செய்யச் சொல்லுங்கள். உள்ளே ராக்வுல் எனப்படும் பாறை இழைப் பஞ்சு இரண்டு அங்குலத்துக்கு, மேலே காடாத் துணி. ராக்வுல்லை வெட்டும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். அதன் இழை தோலில் பட்டால் அரிக்கும், மூச்சில் போனால் கெடுதல்.

அந்தச் சட்டங்களை எங்கே வைப்பது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். மைக்குக்குப் பின்னால் இருக்கும் சுவரில் எல்லாவற்றையும் மாட்டிவிடுகிறார்கள். நாம் வாங்கும் மைக்குகளில் பெரும்பாலானவை முன்பக்கம் மட்டும் நன்றாகக் கேட்பவை. அவற்றின் முகம் பாடுபவரைப் பார்த்தபடி இருக்கிறது. ஆகவே பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரிலிருந்து திரும்பி வரும் ஒலிதான் நேராக மைக்கின் வாய்க்குள் போகும். முதல் இரண்டு சட்டங்களைப் பாடுபவரின் முதுகுப்புறம் நிறுத்துங்கள். மற்ற இரண்டைப் பக்கவாட்டில்.

இதெல்லாம் உள் எதிரொலியைக் குறைக்க. வெளிச்சத்தம் வேறு விஷயம். அதைத் தடுக்கக் கனமான சுவரும் இடைவெளி இல்லாத கதவும்தான் வழி. கதவுக்குக் கீழே இருக்கும் சந்துக்கு ரப்பர் பட்டை அடித்தால் ஓரளவு குறையும். மிச்சத்தை இந்த ஊரில் நேரம் பார்த்துத்தான் சமாளிக்க வேண்டும். பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க லட்சக்கணக்கானவர்கள் நடப்பார்கள், ஊரே விழித்திருக்கும். கார்த்திகை தீபத் திருவிழா நாட்களில் பதிவு என்ற பேச்சே வேண்டாம். மற்ற மாதங்களைப் போல விடியற்காலை அமைதியாக இருக்கும் என்று நினைத்து மார்கழியில் அலாரம் வைத்து எழுந்தால், தெருவுக்குத் தெரு ஒலிபெருக்கியில் திருவெம்பாவை. அந்த மாதம் மட்டும் இரவு பதினொரு மணிக்கு மேல் பதிவை வைத்துக்கொள்ளுங்கள். செங்கம் சாலையிலும் தேரடி வீதியிலும் குடியிருப்பவர்கள் எந்த மாதமானாலும் அப்படித்தான் செய்ய வேண்டியிருக்கும்.

மின்விசிறி இன்னொரு எதிரி. பதிவின்போது நிறுத்தத்தான் வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் மூடிய அறைக்குள் விசிறி இல்லாமல் பத்து நிமிடத்துக்கு மேல் யாரும் நன்றாகப் பாட மாட்டார்கள். பத்து நிமிடம் பதிவு, ஐந்து நிமிடம் விசிறி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

யாருடைய குரலுக்கு?

இனி மைக். எது நல்ல மைக் என்ற கேள்விக்குப் பதில் இல்லை. யாருடைய குரல், எந்தத் தெரு என்று சொன்னால் பதில் உண்டு.

டைனமிக், கண்டென்சர் என்று இரண்டு வகை. டைனமிக்குக்கு ஷூர் எஸ்எம் 58 உதாரணம். 1966இலிருந்து விற்பனையில் இருக்கிறது. நம் கல்யாணக் கச்சேரி மேடைகளில் பார்த்துப் பழகிய, வலைப்பின்னல் உருண்டைத் தலை மைக் அதுதான். கண்டென்சருக்கு ஆடியோ-டெக்னிக்கா ஏடி 2020 போன்றவை. கண்டென்சர் நுணுக்கமாகக் கேட்கும். மூச்சு, உதடு பிரியும் ஓசை, கமகத்தின் நெளிவு எல்லாம் வரும். கூடவே எதிர்வீட்டுக் குக்கர் விசிலும் ஆட்டோ ஹாரனும் வரும். டைனமிக் மந்தமானது. அதை வாய்க்கு நான்கு விரல் தூரத்தில் வைத்துப் பேசினால்தான் பேச்சு எடுபடும். அப்படிப் பக்கத்தில் வைப்பதால் தெருச் சத்தம் தானாகப் பின்னுக்குப் போய்விடும். வெளிச்சத்தத்தை அது தேர்ந்தெடுத்துத் தள்ளுவதாக விற்பனையாளர்கள் சொல்வதை நம்ப வேண்டாம், தூரம்தான் அந்த வேலையைச் செய்கிறது.

என் தீர்ப்பு இது. ஊருக்குள்ளே குடியிருந்து, கதை சொல்லவோ பாட்காஸ்ட் செய்யவோ நினைப்பவர் டைனமிக் வாங்க வேண்டும். அடி அண்ணாமலை பக்கம், சுற்றிலும் கொஞ்சம் காலி இடம் உள்ள வீட்டில், தேவாரமோ கர்நாடக இசையோ பதிவு செய்பவர் கண்டென்சர் வாங்கலாம். பூஜை அறையை ஸ்டூடியோவாக்கும் எண்ணம் இருந்தால் கண்டென்சரை நிரந்தரமாக அங்கே நிறுத்தி வைக்காதீர்கள். சாம்பிராணிப் புகையும் தூசியும் அதன் மெல்லிய சவ்வில் படியும். வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வைத்து மூடிவிடுங்கள்.

திருப்புகழ் பாடுபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உள்ளங்கையை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு 'திருப்புகழ்' என்று அழுத்திச் சொல்லிப் பாருங்கள். 'ப்பு'வில் ஒரு காற்று வந்து கையில் மோதும். மைக்கில் அது வெடிச்சத்தமாக விழும். வல்லினம் அடுக்கடுக்காக வரும் அருணகிரியின் சந்தத்தில் இந்த வெடிப்பு ஒரு வரிக்குப் பல தடவை நடக்கும். பாப் ஃபில்டர் என்ற துணி வளையம் சில நூறு ரூபாய்தான். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கன்னத்துப் பக்கமாகச் சற்றே திருப்பி வைத்தால் இன்னும் நல்லது. காற்று நேரே போகும், குரல் மைக்குக்கு வரும்.

நாதஸ்வரம், தவில், பம்பை என்றால் வீட்டு அறையே வேண்டாம் என்பேன். அவை திறந்த வெளிக்காகப் பிறந்தவை. பத்தடி அறைக்குள் வாசித்தால் சுவர்தான் பதிவாகும். கட்டாயம் என்றால் பெரிய கூடத்தில், நாதஸ்வரத்தின் அணசுக்கு நேராக இல்லாமல், இரண்டு மூன்றடி தள்ளிப் பக்கவாட்டில் மைக் வையுங்கள்.

மைக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ் வேண்டும். மைக்கின் நுண்ணிய மின்னோட்டத்தைப் பெருக்கி எண்களாக மாற்றும் சிறு பெட்டி அது. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட், பெஹ்ரிங்கர், மோட்டு என்று பலரும் செய்கிறார்கள். ஒருவர் குரல் மட்டும் போதும் என்றால் ஒரு மைக் நுழைவாய் உள்ளது போதும். குரலும் மிருதங்கமும் சேர்ந்து என்றால் இரண்டு நுழைவாய் உள்ளதை வாங்குங்கள். கண்டென்சருக்கு 48 வோல்ட் மின்சாரம் மைக் கேபிள் வழியாகவே போக வேண்டும். பெட்டியில் அதற்கான பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்கும்போது இன்னொரு பொத்தானையும் தேடுங்கள்: டைரக்ட் மானிட்டர். பாடுபவரின் குரல் கம்ப்யூட்டருக்குள் போய்ச் சுற்றி ஹெட்போனுக்குத் திரும்ப ஒரு தாமதம் ஆகும். நொடியில் ஆயிரத்தில் சில பங்குதான், ஆனால் தன் குரல் தனக்கே பிந்திக் கேட்டால் சுருதியும் தாளமும் ஆட்டம் காணும். அந்தப் பொத்தானை அழுத்தினால் குரல் பெட்டியிலிருந்தே நேராகக் காதுக்கு வந்துவிடும். சுருதிப் பெட்டியைப் பக்கத்தில் வைத்து ஒலிக்கவிடாதீர்கள், அது குரலோடு கலந்தால் பிறகு பிரிக்க முடியாது. செயலியில் சுருதியைப் போட்டு ஹெட்போனில் மட்டும் கேட்கச் சொல்லுங்கள். பழைய பாடகர்கள் ஹெட்போன் வேண்டாம் என்பார்கள். ஒரு காதை மட்டும் மூடிக்கொள்ளச் சொன்னால் ஒப்புக்கொள்வார்கள்.

யூ.எஸ்.பி. மைக் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். இன்டர்ஃபேஸ் இல்லாமல் நேரே லேப்டாப்பில் செருகும் வகை. ஒருவர் தனியாகப் பேசுவதற்கு அது போதும். நாளைக்கே இன்னொருவர் கூடச் சேர்ந்து பாட வந்தால் வழி இருக்காது. நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

ஹெட்போன் காதை முழுக்க மூடும் வகையாக இருக்கட்டும். ப்ளூடூத் கூடவே கூடாது, அதிலும் தாமதம் உண்டு. ஸ்பீக்கர் முதல் வருடம் தேவையில்லை. எதிரொலிக்கும் அறையில் எவ்வளவு உயர்ந்த மானிட்டர் ஸ்பீக்கரும் பொய்தான் சொல்லும்.

மென்பொருளுக்கு ஆரம்பத்தில் ஒரு பைசா செலவழிக்க வேண்டாம். ஆடாசிட்டி இலவசம். ரீப்பரை 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, பிடித்தால் தனிநபர் உரிமத்தை 60 டாலருக்கு வாங்கலாம். எதில் பதிவு செய்தாலும் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். உச்சக் குரல் அளவு மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சத்தம் போதவில்லையென்றால் பிறகு கூட்டிக்கொள்ளலாம். பதிவிலேயே கிழிந்த குரலை யாராலும் தைக்க முடியாது.

பதிவில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் கேட்கிறதா? லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு மறுபடி கேளுங்கள். நின்றுவிட்டால் குற்றம் மைக்கில் இல்லை, சார்ஜரிலோ வீட்டின் எர்த்திலோ இருக்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை பேட்டரியிலேயே பதிவு செய்யுங்கள்.

எவ்வளவு ஆகும்?

விலை மாறிக்கொண்டே இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு தோராயமாகச் சொல்கிறேன். எஸ்எம் 58 அல்லது ஏடி 2020 பத்தாயிரத்தை ஒட்டி. எளிய இன்டர்ஃபேஸ் ஏழாயிரத்திலிருந்து. மூடிய ஹெட்போன் ஐந்தாயிரம். ஸ்டாண்டு, கேபிள், பாப் ஃபில்டர் மூன்றாயிரம். ஆக இருபத்தைந்தாயிரத்தில் கருவிகள் முடிந்துவிடும். கையில் நாற்பதாயிரம் இருந்தால் மிச்சத்தை உயர்ந்த மைக்கில் போடாதீர்கள். ராக்வுல் சட்டத்திலும் கதவின் ரப்பரிலும் போடுங்கள். கீபோர்டு, சொந்தமாக மெட்டுப் போடுபவர்களுக்கு மட்டும்.

எஸ்எம் 58க்குப் போலி ஏராளம். பாதி விலைக்கு யாராவது தந்தால் அது அசல் இல்லை. சென்னை போகும்போது நேரில் கேட்டுப் பார்த்து வாங்க முடியுமானால் உத்தமம். அண்ணா சாலையில் 1842இலிருந்து இருக்கும் மியூசி மியூசிகல் போன்ற பழைய இசைக்கருவிக் கடைகளில் விசாரிக்கலாம். ஆன்லைனில் வாங்கினால் அந்தக் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரா என்று பார்த்து, பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

வீட்டுக்குள் அடங்காத குரல்களும் நம்மிடம் இருக்கின்றன. அவற்றுக்கு அறையே வேண்டாம், கையடக்க ரெக்கார்டர் போதும். ஜூம், டாஸ்கம் போன்ற கம்பெனிகளின் கருவிகளில் இரண்டு மைக் குறுக்காகப் பொருத்தியே வரும். திரௌபதி அம்மன் கோயில் திடலில் இரவு பத்து மணிக்குத் தொடங்கும் கூத்து விடியும்வரை நடக்கும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு ஜி.பி. எட்டு மணி நேரக் கூத்து எட்டரை ஜி.பி.க்குள் அடங்கும். 32 ஜி.பி. கார்டு தாராளம். பேட்டரிக்கு மாற்று கையில் இருக்கட்டும். காற்றுக்கு மைக்கின் மேல் பஞ்சு உறை போடுங்கள். முகவீணை, ஆர்மோனியம் எல்லாம் சேர்ந்து கேட்கும்படி பின்பாட்டுக்காரர்களுக்குச் சற்று முன்னால், ஆள் உயரத்துக்கு மேல், ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒலிபெருக்கிக் குழாய்க்கு நேரே மட்டும் நிற்காதீர்கள்.

பதிவு செய்வதற்கு முன் கூத்து வாத்தியாரிடம் அனுமதி கேளுங்கள். பாடியவர் பெயர், வாசித்தவர் பெயர், ஊர், தேதி, கூத்தின் பெயர் ஐந்தையும் அன்றைக்கே கோப்பின் பெயரில் எழுதுங்கள். பெயரில்லாத நூறு கோப்புகள் ஐந்து வருடத்தில் யாருக்கும் உதவாமல் போய்விடும். இரண்டு வெவ்வேறு ஹார்டு டிஸ்க்கில் பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். யூடியூபில் ஏற்றுவதாக இருந்தால் அவர்கள் சம்மதத்தோடு, அவர்கள் பெயரோடு.

இந்த மாவட்டத்தில் அப்பா பாடியதை மகன் பாடாத வீடுகள் பெருகிவருகின்றன. நடவுப் பாட்டும் ஒப்பாரியும் தெரிந்த பாட்டிகள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். கருவி சேரும்வரை அவர்களைக் காத்திருக்க வைக்காதீர்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒருவர் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே விசிறியை நிறுத்தி, பீரோவைத் திறந்து வைத்து, மெத்தையில் உட்கார வைத்து, கையில் இருக்கும் போனை ஒரு முழ தூரத்தில் வைத்துப் பதிவு செய்யுங்கள். ஒரு பிரதியை அவருடைய பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். மைக்கை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம்.